ஒற்றை இலை ஆஷ்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஆஷ் என்றால் சாம்பல்தானே என்று ஆஷ் மரத்தைச் 'சாம்பல் மரம்' என மொழிபெயர்த்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் சாம்பலைக் குறிக்கும் ஆஷும் மரத்தைக் குறிக்கும் ஆஷும் வெவ்வேறு வேரிலிருந்து வந்து, ஓசையில் ஒன்றாகிப்போன சொற்கள். அடுப்புச் சாம்பலுக்கும் இந்த மரத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. உறவு வேறு இடத்தில் இருக்கிறது: நாம் தலையில் சூடும் மல்லிகை ஆஷுக்குப் பங்காளி. ஆலிவும் அதே குடும்பம்தான்.

ஆஷ் என்றதும் அமெரிக்கர்களுக்குப் பேஸ்பால் மட்டை நினைவுக்கு வரும். நான் பேச வந்தது மட்டைக்கு உதவாத ஒற்றை இலை ஆஷைப் பற்றி. அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா, நெவாடா மாநிலங்கள் பக்கத்துப் பாலைநிலப் பள்ளத்தாக்குகளில் இருக்கிறது. ஆறு மீட்டர் உயர்ந்தால் அதிகம். பல இடங்களில் வெறும் புதர்தான்.

யூட்டாவின் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் ஆண்டு மழையே 250 மில்லிமீட்டருக்குள். அப்புறம் எப்படிப் பிழைக்கிறது? அங்கே தரையெல்லாம் செம்மணற்கல் பாறை. விழுகிற மழை பாறையில் ஊறாமல் வழிந்து வெடிப்புகளில் போய்ச் சேரும். கொஞ்சம் மண்ணும் அங்கேயே தங்கும். அந்த வெடிப்பில்தான் இது காலூன்றுகிறது.

1871-இல் இதற்கு வைத்த பெயர் ஃப்ராக்சினஸ் அனாமலா. 'அனாமலா' என்றால் வழக்கத்துக்கு மாறானது. காரணம் இலை. மற்ற ஆஷ்களில், வேப்ப ஈர்க்கில் இருப்பதுபோல, ஒரே காம்பில் சிற்றிலைகள் வரிசையாக இருக்கும். இதில் பெரும்பாலும் வட்டமாக ஓர் இலை, அவ்வளவுதான். ஆனாலும் சில கிளைகளில் மூன்று சிற்றிலைகள் சேர்ந்து முளைத்துவிடும். பரம்பரைக் குணம் லேசில் போகுமா?

எனக்கு அந்தப் பெயரில் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஈரமான காட்டு ஆஷை அளவுகோலாக வைத்தால் இது கோணல்தான். இலைப்பரப்பு குறைந்தால் நீரிழப்பும் குறையும் என்ற கணக்கில் பார்த்தால், அந்த ஊருக்கு இதுவே முறை.

விதையையும் சொல்ல வேண்டும். வேங்கைக் காயில் விதையைச் சுற்றிச் சிறகு இருக்குமே, ஏறக்குறைய அதுபோல, ஆனால் மிகச் சிறியது, நீள்வட்டம்.

சரி, இலை உதிர்ந்த குளிர்காலத்தில் எப்படி அடையாளம் காண்பது? இளங்குச்சியை இரு விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். உருளாது, இடறும். பிரண்டைத் தண்டு மாதிரி நான்கு விளிம்பு. மூத்த கிளைகளில் அந்த விளிம்பு மறைந்துவிடும். அதனால் நுனியைத்தான் பிடிக்க வேண்டும்.