நேரலையில் நொடிகள் எங்கே போகின்றன?

எல்லோருக்கும் வணக்கம்.

புதிய ஊடகத் தொழில்நுட்பம் என்று பேச்செடுத்தாலே, பெரும்பாலும் கேமராவையும் செயற்கை நுண்ணறிவையும் சுற்றியே பேச்சு போகிறது. நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது தாமதம். கேமரா முன் ஒருவர் பேசுவதற்கும், பார்ப்பவர் காதில் அது விழுவதற்கும் இடையே கழிகிற நேரம். பழைய ஒளிபரப்பில் இதைப் பற்றித் தயாரிப்பாளர் யோசித்ததே இல்லை. புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒளிபரப்பு வேனிலிருந்து சிக்னல் மேலே போய்க் கீழே வரக் கால் நொடி. அதைக் குறைக்க யாராலும் முடியாது, அது திடீரென்று கூடுவதும் இல்லை. இன்று இணையத்தில் நேரலை செய்யும்போது அந்த நேரம் அரை நொடியாகவும் இருக்கலாம், அரை நிமிடமாகவும் இருக்கலாம். எவ்வளவு என்பதை நாமேதான் முடிவு செய்கிறோம், பல நேரம் அது தெரியாமலேயே.

ஒரு படம் போகிற வழியைப் பாருங்கள். கேமராவுக்குள் ஒன்றிரண்டு ஃபிரேம், அதாவது ஒன்றிரண்டு தனிப்படங்களின், நேரம். என்கோடர் படத்தைச் சுருக்க முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களை ஒப்பிட வேண்டியிருப்பதால் அங்கே அரை நொடி வரை போகலாம். பிறகு இணையப் பாதை. அடுத்து சர்வர்: ஒரே படத்தைப் பல அளவுகளில் மறுபடி சுருக்கி, துண்டு துண்டாக வெட்டி வைக்கிறது. 2009-இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்.எல்.எஸ். முறையில் ஒரு துண்டு பொதுவாக 6 நொடி. பார்ப்பவரின் பிளேயர் ஏறக்குறைய மூன்று துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஓடத் தொடங்கும். அங்கேயே 18 நொடி. ஆக, பெரும்பகுதி நேரம் போவது கடைசிக் கட்டத்தில். தாமதம் குறையும் என்று நம்பிக் கேமராவையும் என்கோடரையும் மாற்றுவதில் பயனே இல்லை.

இதிலே அடிக்கடி தவறிப்போகிற ஓர் இடம் கீஃபிரேம் இடைவெளி. கீஃபிரேம் என்பது மற்ற ஃபிரேம்களை நம்பாமல் தானே முழுமையாக இருக்கிற படம். ஒவ்வொரு துண்டும் ஒரு கீஃபிரேமில்தான் தொடங்க முடியும். எக்ஸ்264 என்ற என்கோடரில் யாரும் கைவைக்காமல் விட்டால் அதிகபட்ச இடைவெளி 250 ஃபிரேம். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் அது 10 நொடி. ஒருவர் அசையாமல் உட்கார்ந்து பேசுகிற காட்சியில், காட்சி மாற்றம் எதுவும் இல்லாததால் கீஃபிரேம் அந்த 10 நொடிக்கு ஒருமுறைதான் விழும். சர்வர் 6 நொடிக்கு வெட்ட நினைத்தாலும் வெட்ட முடியாது. துண்டு 10 நொடியாக நீளும், தாமதம் 30 நொடியைத் தொடும். இடைவெளியை 50 ஃபிரேம் என்று, அதாவது 2 நொடி என்று, கையால் குறித்துவிடுங்கள். தானியங்கி என்று விடாதீர்கள்.

களத்திலிருந்து நிலையத்துக்கு அனுப்ப இன்று பரவலாகப் பயன்படுவது எஸ்.ஆர்.டி. என்ற அனுப்புமுறை. அதை ஹைவிஷன் நிறுவனம் உருவாக்கி 2017-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. வழியில் ஒரு பேக்கெட், அதாவது தரவின் ஒரு சிறு பொட்டலம், தொலைந்தால், பெறுகிற பக்கம் அதை மட்டும் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். கேட்டு வாங்க அவகாசம் வேண்டுமே, அந்த அவகாசம்தான் நாம் குறிக்கிற தாமத எண். கருவியோடு வருகிற அளவு 120 மில்லிநொடி. சிக்னல் போய்த் திரும்ப 80 மில்லிநொடி ஆகிற பாதையில் 120 என்பது ஒரே ஒரு முறை திரும்பக் கேட்கத்தான் போதும். அந்த மறுபிரதியும் தொலைந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். போய்த்திரும்பும் நேரத்தைப் போல நான்கு மடங்கு வைப்பது பழக்கம். இங்கே 320. அந்த 200 மில்லிநொடிக்குக் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம்.

அந்தப் போய்த்திரும்பும் நேரத்தை அளக்க வேண்டியது நிகழ்ச்சி நடக்கிற இடத்தில், கூட்டம் கூடியிருக்கிற நேரத்தில். முந்தின நாள் வெறும் மைதானத்தில் அளந்த எண்ணுக்கு மதிப்பில்லை. ஆயிரக்கணக்கான கைபேசிகள் ஒரே கோபுரத்தில் வீடியோ ஏற்றத் தொடங்கியதும் முதலில் அடிவாங்குவது அப்லோட்தான். பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு அனுப்பும் தரவின் அளவை, அளந்த அப்லோட் வேகத்தில் பாதிக்கு மேல் வைக்காதீர்கள். நொடிக்கு 6 மெகாபிட் எடுக்கிற படத்துக்கு, திரும்ப அனுப்பும் பேக்கெட்டுகளுக்காக எஸ்.ஆர்.டி. இன்னும் கால்பங்கு வரை எடுத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் சேருங்கள். பல சிம்களை இணைத்து அனுப்பும் கருவி என்றால் வெவ்வேறு நிறுவனங்களின் சிம்களைப் போடுங்கள். ஒரே நிறுவனத்தின் நான்கு சிம்கள் பெரும்பாலும் ஒரே கோபுரத்தில்தான் போய் முட்டும்.

தொலைவில் இருக்கிற விருந்தினரோடு நடக்கிற உரையாடலின் நிலைமை முற்றிலும் வேறு. ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேசுகிறவர்களுக்கு அது உறைக்காது. 400-ஐத் தாண்டக் கூடாது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள், இருவரும் நிறுத்துவார்கள், மறுபடி இருவரும் தொடங்குவார்கள். பார்க்கிறவருக்கு விருந்தினர் தயங்குகிறவராக, மழுப்புகிறவராகத் தெரிவார். ஒரு மனிதரின் நேர்மையைப் பற்றிய தப்பான எண்ணம் தரவைத் தேக்கிவைக்கிற ஒரு பஃபரால் உண்டாகிறது; இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. அதனால் தொலைவிலிருந்து பேசுகிறவருக்குத் திரும்பிப் போகிற ஒலி வெப்ஆர்டிசி போன்ற வேகமான பாதையில்தான் போக வேண்டும். அந்த ஒலியில் அவர் குரல் மட்டும் கழிக்கப்பட்டிருக்க வேண்டும். மிக்ஸரில் இதற்குத் தனி வெளியீடு ஒதுக்குங்கள். பொது ஒலியை அப்படியே அனுப்பினால் தன் குரலே அரை நொடி பிந்திக் காதில் விழும், எந்தப் பேச்சாளருக்கும் நாக்கு குழறும். அவர் காதில் கம்பி இயர்ஃபோன்தான் இருக்க வேண்டும். புளூடூத் தன் பங்குக்கு நூறு, இருநூறு மில்லிநொடியைக் கூட்டிவிடும்.

அடுத்து உதடும் ஒலியும் பொருந்துவது. ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் வரம்பு இது: ஒலி படத்துக்கு 40 மில்லிநொடி முந்தலாம், 60 பிந்தலாம். பிந்துவதற்கு ஏன் சலுகை என்றால், இயல்பிலேயே ஒளி முதலில் வருகிறது, ஒலி பிறகு வருகிறது. மூளை அதற்குப் பழகியிருக்கிறது. ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிநொடி. பேச்சாளரிடமிருந்து 12 மீட்டர் தள்ளி, கேமராவில் செருகிய மைக்கில் ஒலியைப் பிடித்தால் கிட்டத்தட்ட ஒரு ஃபிரேம் அங்கேயே பிந்திவிட்டது. மிக்ஸரிலிருந்து நேராக என்கோடருக்கு ஒலி போகிற ஏற்பாட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. படம் பல கருவிகளைக் கடந்து தாமதமாக வரும், ஒலி முந்திவிடும். கண்ணை உறுத்துவது இதுதான்.

இதற்குச் சோதனை எளிது. கேமரா முன் கைதட்டுங்கள். கடைசியில் பார்ப்பவருக்குப் போகிற படத்தைப் பதிவு செய்து, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, கைகள் சேர்கிற ஃபிரேமும் ஒலி எழும்புகிற இடமும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று எண்ணுங்கள். 25 ஃபிரேமில் ஒன்றுக்கு 40 மில்லிநொடி. ஒலி இரண்டு ஃபிரேம் முந்தியிருந்தால் மிக்ஸரில் 80 மில்லிநொடி தாமதம் போட்டால் முடிந்தது. ஆனால் தொடக்கத்தில் ஒரு தட்டு, முடிவில் ஒரு தட்டு என இரண்டும் வேண்டும். விலகல் இரண்டிலும் ஒன்றாக இருந்தால்தான் மேலே சொன்ன வைத்தியம் பலிக்கும். போகப் போக வளர்ந்தால் நோய் வேறு. கேமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் வெவ்வேறு கடிகாரத்தில் ஓடுகின்றன. பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 180 மில்லிநொடி, நான்கு ஃபிரேமுக்கும் மேல். கைபேசியில் எடுத்த படம் என்றால் இன்னொரு காரணமும் உண்டு: வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்பக் கைபேசி நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை மாற்றிக்கொண்டே இருக்கும். எடிட்டிங்கில் சேர்ப்பதற்கு முன் அதை நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிடுங்கள். டைம்லைனில் போட்ட பிறகு இழுத்து இழுத்துச் சரிசெய்வது ஓயாத வேலை.

இனி, பார்ப்பவரின் பிளேயர் பிடித்துவைக்கிற அந்த 18 நொடியைப் பற்றி. விலை கொடுத்தாவது அதைக் குறைக்க வேண்டும் என்று பலர் துடிக்கிறார்கள். விளையாட்டுக்கும் ஏலத்துக்கும் அது நியாயம். உரை, விவாதம், செய்தி போன்றவற்றுக்கு அந்த நேரம் ஒரு சொத்து என்பது என் உறுதியான கருத்து. பேச்சைத் தானாக எழுத்தாக்கும் மென்பொருள் சில நொடி பிந்தித்தான் வரும். வந்த சொல்லை வாக்கியம் முடிந்ததும் திருத்தும். பெயர்களிலும் எண்களிலும் தவறும். 2022-இல் வெளியான விஸ்பர் என்ற அத்தகைய மென்பொருள், ஒலியை 30 நொடிப் பகுதிகளாக எடுத்துக்கொள்கிறது. மௌனமோ இசையோ வந்தால் யாரும் பேசாத வாக்கியத்தைத் தானே எழுதிவிடுவதும் உண்டு. குரல் இருக்கிற பகுதியை மட்டும் பிரித்து அதற்குக் கொடுங்கள். பேச்சாளர், ஊர், அமைப்புகளின் பெயர்ப்பட்டியலோடு ஒருவரைத் திருத்த உட்காரவையுங்கள். படத்தை அதே அளவு நிறுத்திவைத்து அனுப்பினால் எழுத்தும் உதடும் சேர்ந்தே வரும். காது கேளாதவருக்கு அதுதான் நேரலை.

அதே இடைவெளியில்தான் செய்தி ஆசிரியரும் உட்கார முடியும். மேடையில் ஒருவரின் தொலைபேசி எண் வாசிக்கப்படும், ஒரு குழந்தையின் அடையாளம் வெளியே வந்துவிடும். 10 நொடி இருந்தால் வெட்டலாம். ஆனால் பொத்தானை அழுத்துகிறவருக்கு யாரையும் கேட்காமல் அழுத்தும் அதிகாரம் வேண்டும். மேலதிகாரியைத் தேடிப் போகிற நேரத்தில் அந்த 10 நொடியும் தீர்ந்துவிடும்.

கடைசியாக ஒன்று. நேரலையிலிருந்து யாரோ வெட்டி ஒட்டிய துணுக்கு மறுநாள் சுற்றுக்கு வந்தால் எதிர்கொள்ள மூலப்பதிவு வேண்டும். எல்லாக் கேமராக்களின் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்குச் சரிசெய்து, ஒவ்வொன்றிலும் தனியாகப் பதிவு செய்யுங்கள். அடோபி, பிபிசி, மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட நிறுவனங்கள் 2021-இல் தொடங்கிய சி2பிஏ முறையில், சில கேமராக்கள் எடுக்கும்போதே கோப்பில் டிஜிட்டல் கையொப்பம் இடுகின்றன. கோப்பில் யார் கையொப்பமிட்டார், பிறகு என்ன மாற்றம் நடந்தது என்று அது சொல்லும். படத்தில் சொல்லப்படுவது உண்மையா என்று சொல்லாது. பல தளங்கள் ஏற்றும்போதே அந்தத் தகவலை உதிர்த்துவிடுகின்றன. அதனால் முதல் கோப்பைத் தொடாமல் இரண்டு இடங்களில் வையுங்கள். நகலில் மட்டும் எடிட் செய்யுங்கள். இந்த முறையை அறியாத மென்பொருளில் மூலத்தைத் திறந்து அதன் மேலேயே சேமித்தால் கையொப்பம் போய்விடும், மீட்க வழியில்லை.