எது காத்திருக்கும்?

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பத்தொரு வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் பழைய மாணவிகள் வீடு தேடி வருவார்கள். போன சித்திரையில் வந்த ஒருத்திக்கு வயது இருபத்தொன்பது. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். சப்-இன்ஸ்பெக்டர் தேர்வு, அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சை, சொந்த வீடு, ஒரு தையல் கடை என்று நாலு வரி எழுதியிருந்தாள்.

"நாலுமே வேணும் டீச்சர். எதை முதல்ல தொடறதுன்னு தெரியாம மூணு வருஷமா எதையுமே முடிக்கலை" என்றாள்.

எனக்கு மனசு கனத்துப்போயிற்று. உழைப்புக்கு அஞ்சாத பெண் அவள். ஒரு மாதம் தேர்வுக்குப் படிப்பாள். அப்புறம் வீட்டு மனைக்குச் சீட்டு கட்ட வேண்டுமென்று கூடுதல் வேலைக்குப் போவாள், புத்தகம் மூடிவிடும். அம்மா வலியில் முனகினால் அந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.

அன்று அவளிடம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிப் பேசினேன். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். அந்த நோய்க்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற ஆசை அந்தத் துக்கத்தில் பிறந்தது. 1925இல் மேற்பயிற்சிக்காக இங்கிலாந்து போனார். படித்துத் திரும்பினால் மருத்துவத்தில் முழுமூச்சாக இறங்கியிருக்கலாம். ஆனால் சென்னைச் சட்டசபைக்கு ஒரு பெண்ணை நியமிக்கும் வாய்ப்பு வந்தபோது, இந்திய மாதர் சங்கத்தார் அவரைத்தான் கேட்டார்கள். அவருக்குத் தயக்கம். கைராசியோடு நடந்துவந்த தொழிலை விட்டுவிட்டு எப்படிப் போவது?

போனார். ஒரு பெண்ணின் குரல் சட்டசபையில் கேட்கும் வாய்ப்பு அதுவரை வந்ததே இல்லை. தட்டிக் கழித்தால் மறுபடி எப்போது வருமோ? 1927இல் சபையின் துணைத் தலைவரானார். தேவதாசி முறைக்கு எதிராக அவர் போராடியதில் 1929இல் முதல் சட்டத் திருத்தம் வந்தது. காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930இல் பதவியையே துறந்தார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான்.

சரி, தங்கையின் நினைவில் பிறந்த ஆசை என்ன ஆயிற்று? அதை அவர் கைவிடவே இல்லை. மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். மகன் கிருஷ்ணமூர்த்தி புற்றுநோய் மருத்துவத்தில் தேர்ந்து தாயோடு நின்றார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறந்தது. அப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. தங்கை இறந்து சுமார் முப்பது வருடம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

இதைக் கேட்டதும் என் மாணவி அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எது ரொம்பப் பிடிக்கும்னு யோசிச்சா நாலும்தான் முதல்ல வந்து நிக்கும். எது காத்திருக்கும், எது காத்திருக்காதுன்னு பாரும்மா" என்றேன். சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு வயது வரம்பு உண்டு. அது இவளுக்காக நிற்காது. அம்மாவின் முழங்காலும் நாளுக்கு நாள் தேயும். அந்தச் சிகிச்சையை இப்போதே முடித்துவிட்டால், அடுத்த வருடம் மகள் நிம்மதியாகப் படிக்கலாம். வீடு ஐந்து வருடம் கழித்தும் கட்டலாம். தையல் கடைக்கு நாற்பது வயதிலும் பலகை மாட்டலாம். ஆனால் அந்தக் கை பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்தாருக்கு இரண்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தால் போதும்.

வீட்டு மனைச் சீட்டை நிறுத்துவதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஊரில் எல்லோரும் வீடு கட்டும்போது நாம் மட்டும் வாடகையிலா என்ற வருத்தம். அந்த வருத்தம் நியாயமானது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. அவளே இரண்டு நாள் யோசித்துவிட்டு, நிறுத்துகிறேன் என்று வந்து சொன்னாள்.

போன வாரம் போன் செய்தாள். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து நாலு மாதம் ஆகிறது. விடிகாலையில் மைதானத்தில் இவள் ஓடுகிறாள். அம்மா மெல்ல நடந்து வந்து, ஓரத்துத் திண்டில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்து, எத்தனை சுற்று என்று எண்ணுகிறாளாம்.

வணக்கம்.