கறுப்பு பிளாஸ்டிக்கில் சேண்ட் பேப்பர் வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட்டில் கார் பாடி, பெயிண்ட் வேலை செய்கிறேன். செம்பனைத் தோட்டத்துப் பாதையில் கார் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்லப்போவது தெரிந்த கதைதான். எதிரே குலை ஏற்றிய லாரி வரும். ஓரம் ஒதுங்கினால் மட்டை முள் இழுத்துவிடும். கதவில் கீறல் விழுந்தால் நேராகக் கடைக்கு வருகிறார்கள். சக்கர வளைவிலும் பம்பர் அடியிலும் இருக்கும் பெயிண்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக் என்றால் மட்டும், சேண்ட் பேப்பரால் தேய்த்துப் பார்த்துவிட்டு அப்புறம்தான் வருகிறார்கள்.

அந்தப் பிளாஸ்டிக்கை விரலால் தடவிப் பாருங்கள், தோல் பை மாதிரி சொரசொரவென்று இருக்கும். அந்தச் சொரசொர வரி அச்சில் வார்க்கும்போதே பதிந்தது. தேய்த்தால் அந்த இடம் மழுங்கி, வெயிலில் தனியாகப் பளபளக்கும். எந்தப் பாலிஷ் போட்டாலும் வரி திரும்ப வராது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் செம்மண் போகக் கழுவுங்கள். மண்ணோடு துடைத்தால் துணியே இன்னும் நாலு கீறல் போடும். காய்ந்த பிறகு, பார்மசியில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். கீறல் என்று நினைத்தது பல நேரம் அடுத்த காரின் பெயிண்ட்டாகவோ, கேட் தூணின் சுண்ணாம்பாகவோ இருக்கும், அதோடு போய்விடும். தின்னர் பக்கம் போகாதீர்கள். ஏபிஎஸ் வகைப் பிளாஸ்டிக் அதில் இளகும், பக்கத்து பெயிண்ட்டும் கெடும்.

துடைத்தும் போகாத வெள்ளைத் தடம்தான் உண்மையான சிராய்ப்பு. கறுப்பு எங்கும் போய்விடவில்லை. மேல்பரப்பு மெல்லிய நாராகக் கிழிந்து நிற்பதால் வெளிச்சம் சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. ஹார்ட்வேர் கடையில் விற்கும், சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் சூடு காட்டினால், அந்த நார் இளகிப் படிந்து நிறம் கறுக்கும். ஆனால் இந்தப் பாகங்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். அது 160 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும். ஹீட் கன்னின் காற்றோ அதைவிட மிக அதிகச் சூடு. அதனால் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். கறுத்ததும் எடுத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டால் வரியும் உருகிப் பளபளக்கும். பக்கத்து பெயிண்ட்டுக்கு முன்னால் ஓர் அட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நரைத்துப்போன பிளாஸ்டிக் வேறு கேஸ். வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்தோலை அரித்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்குகிறது. நம் ஊர் வெயிலில் இது சீக்கிரம் வரும். தேங்காய் எண்ணெய் பூசுகிற அண்ணன்மார் உண்டு. அன்றைக்கு அழகுதான், மறுநாள் தோட்டத்துப் புழுதியெல்லாம் அதில்தான் உட்காரும். சிலிக்கோன் பூச்சும் சில மழைக்குத்தான். காய்ந்து இறுகிப் பிடிக்கிற டிரிம் கோட்டிங் விலை கூடினாலும் மாதக்கணக்கில் நிற்கும்.

நகம் உள்ளே இறங்குகிற ஆழமான பள்ளத்துக்குச் சாதாரண பாடி புட்டி அடைக்கச் சொல்லாதீர்கள். பாலிபுரொப்பிலீனில் அது ஒட்டாது. பாகம் வளையும்போது உதிர்ந்துவிடும். பெயிண்ட்டுக்கும் அதே கதை, தனிப் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, போடாவிட்டால் தோலாக உரியும். பாகத்தின் பின்பக்கம் பிபி (பாலிபுரொப்பிலீன்) என்றோ ஏபிஎஸ் என்றோ அச்சிட்டிருக்கும். கடைக்காரர் அதைப் பார்க்காமலே டப்பாவைத் திறந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

அந்த அளவுக்குப் போனால், பழைய சாமான் கடையில் அதே மாடலின் பாகம் கிடைக்கிறதா என்று கேட்டு மாற்றிவிடுவது மேல். வாங்கும்போதே புதுக் கிளிப்களையும் சேர்த்து வாங்குங்கள். பழையவை கழற்றும்போது உடையும். பாதிக் கிளிப்போடு மாட்டி ஈப்போ நெடுஞ்சாலையில் வேகம் எடுத்தால், காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே வரும்.