மாவட்டங்களை வகைப்படுத்தும் கணக்கும் மக்கள்தொகைக் கொள்கையும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1980களில் மக்கள்தொகையியலாளர் ஆசிஷ் போஸ், பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றின் முதலெழுத்துகளைக் கோத்துப் 'பிமாரு' என்ற சொல்லை உருவாக்கினார். இந்தியில் 'பீமார்' என்றால் நோயுற்றவர் என்று பொருள். திட்டமிடுவோரின் கவனத்தை அந்த மாநிலங்களின் பக்கம் அது திருப்பியது உண்மைதான். ஆனால் கோடிக்கணக்கான மக்கள்மீது ஒட்டிய அந்தப் பெயர் இன்றும் உரியவில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது. 2001இல் மத்திய அரசு, இந்நான்குடன் அவற்றிலிருந்து பிரிந்த ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், உத்தராகண்ட் ஆகியவற்றையும் ஒடிசாவையும் சேர்த்து, தனிக்கவனம் பெறும் எட்டு மாநிலங்களாக வகுத்தது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையான மொத்தக் கருவள விகிதம் பீகாரில் 3.0. அதே எட்டில் உள்ள ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் அது 1.8, அதாவது தமிழ்நாட்டின் அளவேதான். பட்டியலில் இடம்பெறாத மேகாலயாவிலோ 2.9. மாநில எல்லையை வைத்துப் பிரித்த குழு, தான் பிரிக்க வந்ததையே இப்போது மறைக்கிறது.

புள்ளியியலின் குழுப் பகுப்பாய்வு எல்லையிலிருந்து தொடங்குவதில்லை. கருவளம், பெண்களின் படிப்பு, திருமண வயது, சிசு மரணம், கருத்தடை முறைகளின் பயன்பாடு எனப் பல குறியீடுகளை ஒவ்வொரு மாவட்டத்துக்கும் எடுத்து, அவற்றை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து, ஒன்றுக்கொன்று நெருங்கிய மாவட்டங்களை அவை எந்த மாநிலத்தில் இருந்தாலும் ஒன்றாகச் சேர்க்கிறது. இதன் பயன் எங்கே தெரிகிறது? இரண்டு மாவட்டங்களில் கருவள விகிதம் ஒன்றாகவே இருக்கலாம்; ஆனால் ஒன்றில், குழந்தை போதும் என்று நினைக்கும் பெண்ணுக்கு அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் தற்காலிகக் கருத்தடைச் சாதனம் கிடைக்காமல் இருக்கலாம்; மற்றொன்றில், பதினாறு வயதில் பள்ளியை விட்டு மணம் முடித்துப்போகும் சிறுமியே காரணமாக இருக்கலாம். முதலாவதற்கு மருந்துக் கிடங்கைச் சீராக்க வேண்டும். இரண்டாவதற்கு உயர்நிலைப் பள்ளியும் விடுதியும் வேண்டும். கருவள விகிதம் என்ற ஒரே எண்ணை வைத்து இரண்டிடத்துக்கும் ஒரே குடும்பநல முகாமை அனுப்பினால், இரண்டாவது மாவட்டத்துச் சிறுமிக்கு அதனால் எதுவும் மாறாது.

2016இல் மத்திய அரசு தொடங்கிய 'மிஷன் பரிவார் விகாஸ்' என்ற குடும்பநலத் திட்டம், கருவள விகிதம் 3 அல்லது அதற்கு மேல் இருந்த 146 மாவட்டங்களை ஏழு மாநிலங்களில் தேர்ந்தது. அவற்றில் ஒடிசா இல்லை, அசாம் இருந்தது. மாநிலத்திலிருந்து மாவட்டத்துக்கு இறங்கிய அந்த முடிவை நான் மனமார வரவேற்கிறேன். எனினும் தேர்வுக்கு வைத்த அளவுகோல் ஒன்றே ஒன்று.

எத்தனை குழுக்கள், எந்தக் குறியீடுகள் என்பதைக் கணினி தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பவர்கள் நாம். முதியோர் பங்கைச் சேர்க்காமல் கணக்கிட்டால், 2011 கணக்கெடுப்பிலேயே அறுபது வயதைக் கடந்தோர் 12.6 விழுக்காடாக இருந்த கேரளம், 'சிக்கல் இல்லாத' குழுவில் போய் அமர்ந்துவிடும். அங்கே தனித்து வாழும் முதியவர்களுக்குக் கொள்கையில் ஒரு வரியும் இராது. ஆகவே அடுத்த கணக்கெடுப்பின் மாவட்ட விவரங்கள் வெளிவரும்போது, பழைய பட்டியலைத் திருத்துவதோடு நில்லாமல், குறியீடுகளையே புதிதாகத் தேர்ந்து குழுக்களை மீண்டும் வகுக்க வேண்டும் என்று இந்த அவையின் வழியாக அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.