ஆயா வீட்டில் ஏழு பூட்டு

(காரைக்குடியில் ஒரு நூலக விழாவில் பேசியது)

அவையிலுள்ள பெரியோர்களுக்கும், இந்த வெயிலிலும் வந்து உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பர்மாத் தேக்கு, இத்தாலிச் சலவைக்கல் என்று ஆரம்பித்தால் பொழுது போய்விடும். அதை வழிகாட்டிகள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் ஒரே ஒரு வீட்டைப் பற்றிப் பேசுகிறேன். எங்க ஆயா வீடு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், ஆயா என்றால் எங்களுக்கு அம்மாவைப் பெற்றவள்.

26 வருஷம் கழித்துப் போன தையில் போனேன். முகப்புக் கதவைத் திறந்துவிட்ட காவல்காரர், "யாரு வீட்டுப் பிள்ளை?" என்றார். ஆயா பேரைச் சொன்னேன். "மக வயித்துப் பேத்தியா, வாங்க வாங்க" என்றார். கணக்குச் சரிதான். மகளுக்குச் சீதனம், மகனுக்கு வீடு. அங்கே எனக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது.

வளவில், அதாவது அறைகள் சூழ்ந்த நடுமுற்றப் பகுதியில், கால் வைத்ததும் வௌவால் எச்ச வாடை. சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த பூச்சு. சித்திரையிலும் மண்பானை மாதிரிச் சில்லென்றிருக்கும். அது மாறவில்லை. ஆத்தங்குடிக் கல்லை மட்டும் கால் பெருவிரலால் தேய்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. கண்ணாடிமேல் சாயச் சிமெண்டை ஊற்றி வார்த்த கல் அது. நடக்க நடக்கத்தான் மினுக்கும். நடக்க ஆளில்லை.

ஐப்பசி மழையில் முற்றத்தின் நாலு மூலையிலும் தண்ணீர் கொட்டும். முதல் மழையை ஆயா விட்டுவிடுவாள். அடுத்த மழைக்கு ஈசானிய மூலையில் அண்டாவை வைத்து, வாயில் வெள்ளை வேட்டியைக் கட்டுவாள். இப்போது அதே மூலையில் நாட்டு ஓடு சரிந்து கிடக்கிறது. தண்ணீர் முற்றத்தில் விழாமல் சுவருக்குள் இறங்குகிறது. உத்தரத்தின் முனையை விரலால் அழுத்தினேன்; நனைந்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. தேக்குதான். ஆனால் எத்தனை மழையைத் தாங்கும்?

வளவின் இரு பக்கமும் ஏழு அறை, ஏழு பூட்டு. கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஓர் அறை. பொங்கலன்று இதே வளவில் ஏழு அடுப்பு புகையும். வீட்டைக் கட்டிய பணம் பர்மாவின் ஐராவதி நெல்வயலில் விளைந்தது. 1942-ல் ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போனது. 1948-ல் பர்மா அரசு, நிலங்களை அரசுடைமையாக்கச் சட்டம் போட்டது. ஐயாவுக்கு, அதாவது தாத்தாவுக்கு, மிஞ்சியது ஒரு பெட்டி நிறைய கணக்குப் பேரேடு. அதற்குப் பிறகு பிள்ளைகள் வேலை தேடி ஊர் ஊராகப் போனார்கள்.

ஆனால் பர்மாவால் வீடு இடிந்தது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கிருந்தபடியே அம்மானுக்கு, அதாவது தாய்மாமனுக்கு, போன் போட்டேன்.

"ஓடு மாத்தணும் அம்மான்."

"ஏழு புள்ளி இப்ப முப்பத்தெட்டுப் பங்கு ஆத்தா. ஒருத்தன் கையெழுத்துப் போடலைன்னாலும் மூங்கில் சாரம்கூடக் கட்ட முடியாது."

தனியாக யாரும் விற்றுவிடக்கூடாது என்று பெரியவர்கள் பொதுவில் வைத்தார்கள். விற்க முடியாதவன் பழுதும் பார்க்க முடியாது என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. பூட்டு மட்டும் தனித்தனி. மேலே ஓடு ஒன்றுதான்.

"உனக்குப் பங்கில்லை, அதனால உன்மேல யாருக்கும் சந்தேகம் வராது. நீயே போய்க் கேளு" என்றார் அம்மான். எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கோயம்புத்தூர், பினாங்கு, வாட்ஸாப்பில் டல்லாஸ். 29 கையெழுத்து சேர்ந்திருக்கிறது. அம்மான் போட்டுவிட்டார், நாலு மாதம் இழுத்தடித்து.

பாக்கி ஒன்பது. அதில் இரண்டு பேர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுந்திருக்க வேண்டாம், பத்திரமும் பேனாவும் என் பையில் இருக்கின்றன, நானே அங்கே வருகிறேன்.