ஒரு முட்டை எடை வித்தியாசம்

வணக்கம் நேயர்களே. நிலவு இழுத்தால் கடல் மட்டுமல்ல, தரையும் கொஞ்சம் எழும்பித் தாழும். ஜெனிவா அருகே செர்ன் ஆய்வகத்தில் 1989 முதல் 2000 வரை ஓடிய லெப் முடுக்கி, துகள்களை வேகமாகச் சுழற்றி மோதவிடும் 27 கிலோமீட்டர் வளையம். நிலவின் இழுப்பில் அதன் சுற்றளவு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மாறியது, துகள்களின் ஆற்றலும் கூடவே மாறியது. அதையும், பக்கத்து ரயில்பாதையிலிருந்து மண்ணுக்குள் கசிந்த மின்சாரத்தையும் கணக்கில் எடுத்த பிறகுதான் இசட் என்ற துகளின் நிறையைச் சொன்னார்கள். பிழை லட்சத்தில் இரண்டு மூன்று பங்குதான்!

எதற்கு இத்தனை பாடு? கண்ணில் படாத கனமான துகள்களின் சுவடு அந்தக் கடைசி இலக்கங்களில்தான் கிடக்கிறது.

இசட்டின் உறவான டபிள்யூ துகளை எடுத்துக்கொள்வோம். அது ஒரு கணம் டாப், பாட்டம் என்ற இரண்டு குவார்க்குகளாக, அதாவது அடிப்படைத் துகள்களாக, பிரிந்து மறுபடி சேரும். அந்த ஒரு கணம் அதன் நிறையைச் சற்றே மாற்றிவிடும். டாப் குவார்க் அமெரிக்காவின் ஃபெர்மிலாப் ஆய்வகத்தில் 1995இல் பிடிபட்டது. ஆனால் அது ஏறத்தாழ எவ்வளவு கனமாக இருக்கும் என்பதை லெப் அளவீடுகள் அதற்கு முன்பே காட்டிவிட்டன. எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டும் சாதனை அது.

அதே வழியில்தான் சூப்பர்சிமெட்ரியையும் தேடுகிறோம். ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடி உண்டு என்கிறது அந்தக் கொள்கை. டாப்புக்கு ஸ்டாப், பாட்டத்துக்கு ஸ்பாட்டம். இந்த இரண்டின் நிறைகளுக்கு நடுவே இடைவெளி பெரிதானால் டபிள்யூவின் நிறை கூடும். இரண்டுமே மிகக் கனமாக இருந்தால் பாதிப்பு மங்கிவிடும். நிறை இரட்டிப்பானால் பாதிப்பு ஏறக்குறைய கால்பங்காகிவிடும்.

2022 ஏப்ரலில் ஃபெர்மிலாபின் சிடிஎஃப் குழு டபிள்யூவின் நிறை 80,433 மெகா எலெக்ட்ரான் வோல்ட் (துகள் நிறையைச் சொல்லும் அலகு) என்று அறிவித்தது. பிழை 9 மட்டுமே. சூப்பர்சிமெட்ரி இல்லாத வழக்கமான கோட்பாடு சொல்வதோ சுமார் 80,357. அறுபது கிலோ ஆள் கையில் ஒரு கோழிமுட்டையோடு தராசில் ஏறினால் எவ்வளவு கூடுமோ, அவ்வளவுதான் வித்தியாசம். ஃபெர்மிலாபில் 2011இல் நின்றுபோன முடுக்கியின் தரவை பத்தாண்டு சலித்து எடுத்த எண் அது.

உடனே பலர் ஸ்டாப்பைத்தான் நினைத்தார்கள். ஆனால் இவ்வளவு ஏற்றத்தை அது தர வேண்டுமானால் ரொம்பக் கனமாக இருக்கக் கூடாது. செர்னின் எல்எச்சி முடுக்கியோ, பெரும்பாலான தேடல்களில் ஆயிரம் ஜிகா (அதாவது பத்து லட்சம் மெகா) எலெக்ட்ரான் வோல்ட் வரை துழாவியும் அதைக் காணவில்லை. அப்புறம் 2024 செப்டம்பரில் அங்குள்ள சிஎம்எஸ் குழு சொன்ன நிறை 80,360, பிழை 10. வழக்கமான கோட்பாட்டோடு ஒத்துப்போகிறது. சிடிஎஃப் எண் ஏன் விலகி நிற்கிறது என்பதற்கு இன்னும் விடை இல்லை.

சூப்பர்சிமெட்ரி செத்துவிட்டது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்தத் துகள்கள் இருந்தால் மிகக் கனமாக இருக்க வேண்டும், அல்லது ஸ்டாப், ஸ்பாட்டம் இரண்டின் நிறைகளும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்க வேண்டும். அளவீடு சொல்வது அவ்வளவுதான். அதை இன்னும் நெருக்கிப் பார்க்க செர்ன் சுமார் 91 கிலோமீட்டர் வளையம் ஒன்றைத் திட்டமிட்டிருக்கிறது. லெப்பில் நான்கு குழுக்களும் சேர்ந்து பதிவு செய்த இசட் துகள்கள் 1.7 கோடி, இங்கே லட்சம் கோடிக் கணக்கில் எதிர்பார்க்கிறார்கள். அங்கும் நிலவின் இழுப்பைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.