குறிஞ்சி பூத்த இடத்தைத் தேடி: ஓர் ஆவணப்பட இயக்குநரின் பாதை

[காட்சி: கொடைக்கானல் மேல்மலை. அதிகாலைப் பனி விலகி, ஒரு புல்வெளிச் சரிவு தெரிகிறது.]

வணக்கம். சுதந்திர ஆவணப்பட இயக்குநர் என்பவர் எதை வைத்துப் பிழைக்கிறார், ஒரே படத்துக்கு ஏன் இத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறார் என்று என்னிடம் பலர் கேட்பதுண்டு. ஒரு பூவின் பின்னால் நான் நடந்த பாதையைக் கொண்டே அதை விளக்குகிறேன்.

2006-ஆம் ஆண்டு வத்தலக்குண்டில் திருமண வீடியோ எடுப்பவர் ஒருவரிடம் உதவியாளராக இருந்தேன். அந்த ஆண்டு பழனி மலையில் குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் வளர்ந்து, ஒரே ஒரு முறை பூத்து, விதையிட்டபின் மடிந்துவிடும் செடி அது. இரவல் கேமராவுடன் மலையேறி, ஒரு மணி நேரம் மட்டுமே பதிவாகும் டேப்கள் மூன்றை நிரப்பினேன். நீலச் சரிவு, அதன்முன் நிற்கும் சுற்றுலாப் பயணிகள், மீண்டும் நீலச் சரிவு. வீட்டில் போட்டுப் பார்த்தபோது பத்து நிமிடத்துக்கு மேல் என்னாலேயே பார்க்க முடியவில்லை, ஏனென்றால் அந்த மூன்று மணி நேரத்தில் நான் யாரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை.

[காட்சி: ஒரு முதியவரின் கை. விரல்களை ஒவ்வொன்றாக மடக்குகிறார்.]

இந்த மலையின் பழங்குடியினரான பளியர்கள் குறிஞ்சியைக் கொண்டு வயதைக் கணக்கிட்டார்கள் என்று சொல்வதுண்டு. அதை நேரில் கேட்டுவிடலாம் என்று மூன்று ஆண்டுகள் கழித்து மேல்மலைக் கிராமம் ஒன்றுக்குச் சென்றேன். “ஐயா, நீங்கள் எத்தனை பூ பார்த்திருக்கிறீர்கள்?” என்றதும், பெரியவர் ஒருவர் விரல்களை மடக்கத் தொடங்கினார். மூன்றாவது விரலில் நின்றுவிட்டு, எதிர்ச் சரிவைக் காட்டி, “அந்தப் பூ அங்கே பூத்தது, தம்பி” என்றார். அவர் காட்டிய இடத்தில் ஒரு செடியும் இல்லை. வாட்டில் மரங்கள் நெருக்கமாக நின்றன. தோல் பதனிடத் தேவையான பட்டைக்காகப் புல்வெளிகளில் நடப்பட்ட அயல் மரம் அது. அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதால், வெட்டிய இடத்திலேயே மறுபடியும் முளைக்கும். குறிஞ்சிக்கு வேண்டிய திறந்த புல்வெளி அந்த நிழலுக்குள் மறைந்துபோகிறது. குறிஞ்சி எப்போது பூக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்த நான், எங்கெங்கே பூக்காமல் போயிற்று என்று கேட்கத் தொடங்கியது அன்றுதான்.

இத்தகைய கேள்விக்குத் தயாரிப்பாளர் கிடைப்பது அரிது. திருமணங்களும் தங்கும் விடுதிகளின் விளம்பர வீடியோக்களும்தான் என் படத்துக்குப் பணம் தந்தன. இந்தப் பாதையில் தமிழருக்கு முன்னோடி ஏ. கே. செட்டியார். 1937-இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் சென்ற கப்பலில், காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. நாடு நாடாகச் சென்று, பல இடங்களில் சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து, 1940-இல் அந்தப் படத்தை அவர் வெளியிட்டபோது அவருக்கு முப்பது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. மனம் சோரும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது அவரைத்தான்.

[காட்சி: 2018. நீலம் பூத்த சரிவு. அதன் ஓரத்தில் இருண்ட மர வரிசை.]

2018-இல் குறிஞ்சி மீண்டும் பூத்தது. பூவைப் படம்பிடிக்கத் தெரிந்த எனக்கு, பூ இல்லாத இடத்தை எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. அந்தப் பெரியவரே வழி சொன்னார். எழுபது வயதைக் கடந்துவிட்ட அவர், மரங்களுக்கு இடையே மெல்ல நடந்து, ஓரிடத்தில் கைத்தடியை ஊன்றி, “இதுவரைக்கும் நீலம்” என்றார். பழைய எல்லை நெடுக அவரை நடக்க வைத்து, வெட்டாமல் இருபத்திரண்டு நிமிடங்கள் பதிவு செய்தேன். அந்த நடைதான் இன்று படத்தின் நடுப்பகுதி.

படத்தொகுப்பு முடிந்ததும் முதலில் அந்தக் கிராமத்திலேயே திரையிட்டேன். பொது இடங்களில் திரையிட ஆவணப்படத்துக்கும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும் என்பது 1952-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் படத்தில் இருப்பவர்களின் ஒப்புதல் அதற்கும் முந்தியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். தேன் எடுக்கும் பாறைக்குச் செல்லும் தடம் தெரிகிறது என்று அவர்கள் ஒரு காட்சியை நீக்கச் சொன்னார்கள். நான் எடுத்ததிலேயே மிக அழகான காட்சி அது. நீக்கிவிட்டேன்.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில், அதே கல்லின்மேல் கேமராவை வைத்து, அதே சரிவை எடுத்துவருகிறேன். வாட்டில் ஓரத்தில், 2018-இல் விழுந்த விதைகளிலிருந்து முளைத்த செடிகள் சில நிற்கின்றன. அடுத்த பூப்பு 2030-இல்.

[காட்சி: புல்லுக்கு நடுவே குறிஞ்சிச் செடிகள். காற்றின் ஒலி மட்டும்.]